சத்தமில்லாத பர்னர்

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்தது. சிறுதொழில் செய்பவர்களுக்காக வரும் ஒரு மாத இதழில், எண்ணெய் பர்னரின் வடிவமைப்பைப் பற்றி எளிய தமிழில் நாலு பக்கம் கேட்டிருந்தார்கள். எனக்குப் பிடித்த வேலைதான். உட்கார்ந்து எழுதினேன்: ‘எண்ணெய் எரிவதில்லை, எண்ணெயின் ஆவிதான் எரிகிறது.’ சரியான வாக்கியம். அடுத்ததும் தடையில்லாமல் வந்தது: ‘ஆகவே எண்ணெயைப் பொடித்துளியாக்கியோ, சூட்டில் ஆவியாக்கியோ, வேண்டிய அளவு காற்றோடு கலப்பதே பர்னரின் வேலை.’ மூன்றாவதாக, ‘காற்று குறைந்தால் புகை வரும்’ என்று எழுதினேன். அந்தப் புகையில் ஒரு பெண் இருமினாள்.

யாரென்று பார்க்கப் போனவன் திரும்பி வரவில்லை. (இதழின் ஆசிரியர் இன்னும் கட்டுரையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும். பர்னர் பற்றிய விவரங்கள் இதிலும் இருக்கின்றன.)

2

‘ஆரணியில் விடிவதற்கு முன்பே தறிச்சத்தம்’ –

வேண்டாம். ஆரணியை எழுத வருகிறவர்கள் எல்லோரும் அந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள்.

‘எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். விறகெல்லாம் ஈரம்’ –

பரவாயில்லை. ஆனால் விறகைப் பற்றியல்ல இந்தக் கதை.

ஆதிலட்சுமியின் கணவரும் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை.

இதை வைத்துக்கொள்கிறேன். கணவர் பலராமன் ஆரணியில் சாயப்பட்டறை வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகை, அதில் செம்பு அண்டாக்கள். கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு அவித்துப் பசை நீக்குவது ஆதிலட்சுமி. அவித்த பட்டைக் கம்பில் கோத்துச் சாயத்தில் முக்கி, புரட்டிப் புரட்டி நிறம் ஏற்றுவது பலராமன். அண்ணன் குப்புராஜ் சேத்துப்பட்டில் பம்ப்செட் என்ஜின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார்.

சண்டை வந்தது ஆதிலட்சுமியின் அப்பா இறந்த அன்று. செய்தி வந்தபோது அண்டாவில் அரக்கு நிறம் பாதி ஏறியிருந்தது. நடுவில் எடுத்தால் பட்டு திட்டுத்திட்டாகிவிடும். யார் வீட்டுக் கல்யாணப் புடவைக்கோ போகிற பட்டு. பலராமன் மனைவியை முதல் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, சாயத்தை முடித்துக்கொண்டு போனார். அதற்குள் எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டிலிருந்து ஈரத்தலையோடு வந்த குப்புராஜ், வாசலில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

“பட்டு வெந்துச்சா?”

பலராமன் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போனார்.

3

பலராமன் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு வரைவில் அவரை அண்டாவை அப்படியே விட்டுவிட்டு ஓடவைத்தேன். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் அவர் பலராமனாக இல்லை. இன்னொரு வரைவில் குப்புராஜை அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்தேன். அப்பாவைக் கொளுத்திவிட்டு வருகிறவர் வாயை நான் மூடுவது நியாயமாகப் படவில்லை. இருவரையும் விட்டுவிட்டேன். இருவர் பக்கமும் நியாயம் இருக்கும்போது நடுவில் இருப்பவளுக்குத்தான் பேஜார்.

அதற்குப் பிறகு விசேஷங்களில் பார்த்துக்கொண்டால், “அவரு சாப்ட்டாரான்னு கேளு” என்பார் ஒருவர். “ஆச்சுன்னு சொல்லு” என்பார் இன்னொருவர். இரண்டும் ஒரே பந்தியில் நடக்கும். ஆதிலட்சுமி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருப்பாள்.

4

ஆதிலட்சுமிக்கு இருமல் விடவில்லை. வேலூரில் பார்த்த டாக்டர் விறகுப் புகையில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் யாரிடமும் கேட்காமல் சேத்துப்பட்டுக்குப் பஸ் ஏறினாள்.

“இன்னா லட்சுமி, ஒரு தகவலும் இல்லாம வந்து நிக்கற?”

“பொகைல நிக்கக் கூடாதாம் அண்ணா.”

“அப்ப நிக்காத.”

“நான் நிக்கலன்னா பட்டை யாரு அவிப்பாங்க?”

குப்புராஜ் கையில் இருந்த கிரீஸைப் பஞ்சில் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அவரு கேக்கச் சொன்னாரா?”

“இல்ல. நான்தான் கேக்கறேன்.”

“அப்ப செஞ்சு தரேன். அவரு கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்.”

(இந்த இடத்தில் குப்புராஜைத் தங்கச்சிமேல் உயிரையே வைத்திருக்கும் அண்ணனாக எழுதி, ஒரு பத்தி முழுக்க உருகியிருந்தேன். அடித்துவிட்டேன். பாசம் இருந்தது, உண்மை. மாப்பிள்ளையின் பட்டறைக்கு நடுவில் தன் கையால் செய்த ஒன்றை நிறுத்திப் பார்க்கும் ஆசையும் இருந்தது.)

5

இங்கே கட்டுரை கொஞ்சம் தலைகாட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பர்னரின் அமைப்பு சாதாரணமானதுதான். உயரத்தில் ஒரு டீசல் டின். அதிலிருந்து செம்புக் குழாய், குழாயில் ஒரு வால்வு. கீழே, மோட்டாரில் ஓடும் ஒரு காற்றாடி. காற்று குறுகலான வாய் வழியாகப் பாயும்போது, அங்கே சொட்டும் டீசலைச் சிதறடித்துப் பனி மாதிரி ஆக்கும். அந்தப் பனி எரியும். நன்றாகச் சிதறினால் புகையே இருக்காது. வால்வைத் திருகிய மறு நிமிடமே நெருப்பு ஏறும், இறங்கும். குறை ஒன்றே ஒன்று: இரைச்– 

(இந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டதற்குக் காரணம், பற்றவைத்த அன்று குப்புராஜும் அதைச் சொல்லி முடிக்கவில்லை. “லட்சுமி, கொஞ்சம் சத்தம்…” என்று ஆரம்பித்தார். மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டது.)

மலைமேல் ஏறும் லாரியைக் கொட்டகைக்குள் கட்டிவைத்த மாதிரி இருந்தது. ஓடுகள் அதிர்ந்தன. ஆனால் புகை இல்லை. ஆதிலட்சுமி மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தாள், இருமல் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்த குப்புராஜ், பலராமன் பக்கம் பார்க்காமலேயே மீசையைத் தடவிக்கொண்டார்.

வால்வு குப்புராஜ் கையில். அண்டா பலராமன் கையில். நடுவில் ஆதிலட்சுமி. சாயத்துக்குச் சூடு படிப்படியாக ஏற வேண்டும், கொதித்துவிடக் கூடாது. அண்டாவுக்குள் பார்த்துக்கொண்டே பலராமன் சொன்னார்:

“கொறைக்கச் சொல்லு.”

இரைச்சலில் அவள் காதில் விழுந்தது வேறு.

“அண்ணா, தொறக்கச் சொல்றாரு” என்று கத்தினாள்.

குப்புராஜ் வால்வை நன்றாகத் திறந்தார். நெருப்பு அண்டாவின் அடியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து நக்கியது. சாயத்தின் ஓரத்தில் குமிழி கிளம்பியது. பலராமன் பட்டைக் கம்போடு தூக்கிப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு நேரமும் இல்லை.

“மச்சான், மூடுங்க!”

குப்புராஜ் மூடினார். அண்டா தணிந்தது. இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

“எவ்ளோ வைக்கட்டும்?” என்று குப்புராஜ் கத்தினார்.

“கால் திருகு.”

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம் கொறைங்க.”

ஆதிலட்சுமி ஓசைப்படாமல் பின்னால் நகர்ந்து சுவரோரம் நின்றுகொண்டாள்.

6

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஒரு வரைவில் முடித்தும் விட்டேன். மோட்டாரை நிறுத்துகிறார்கள், இருவரும் சிரிக்கிறார்கள், அவள் காபி கொண்டுவருகிறாள். மறுநாள் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அத்தனை வருடத்து வீம்பு அப்படியா போகும்?

நடந்தது இதுதான். மோட்டாரை நிறுத்தினார்கள். கொட்டகையில் அமைதி வந்தது. பலராமன் கையைக் கழுவிக்கொண்டு மனைவியிடம் சொன்னார்: “சாப்ட்டுட்டுப் போவச் சொல்லு.”

குப்புராஜ் அவளிடம் சொன்னார்: “பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லு.”

அவள் சொன்னாள். இரண்டையும்.

அந்த வருடம் முழுக்க இப்படியே போனது. குப்புராஜ் வாரம் ஒருமுறை பர்னரைச் சரிபார்க்க வந்தார். கெட்டுப்போகாத வாரத்திலும் வந்தார். இரைச்சல் இருக்கும் வரை இரண்டு பேரும் தொண்டை கிழியப் பேசினார்கள். முதலில் நெருப்பைப் பற்றி மட்டும். பிறகு டீசல் கிடைக்காத கஷ்டம், பெரணமல்லூரில் யாரோ வாங்கின டிராக்டர், குப்புராஜின் மூட்டுவலி. “கீழ உக்காராதீங்க மச்சான், ஸ்டூல் இழுத்துப் போட்டுக்குங்க” என்று பலராமன் கத்தியதை ஆதிலட்சுமி தன் காதாலேயே கேட்டாள். மோட்டார் நின்றால் போதும், இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். இரைச்சலில் பேசுவது பேச்சுக் கணக்கில் சேராது என்று இருவரும் சொல்லாமலே ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அவளுக்குக் காது வலித்தது. தெருவிலும் முணுமுணுத்தார்கள். “இன்னாங்க உங்க வூட்ல, பஸ் ஸ்டாண்டையே கொண்டாந்து வச்சிக்கினு இருக்கீங்க” என்று எதிர்வீட்டு விருத்தாம்பாள் கேட்டாள். ஆதிலட்சுமி சிரித்து மழுப்பினாள். சில நாள் வேலை முடிந்த பிறகும், “இன்னும் கொஞ்சம் எரியட்டும், தண்ணி காயணும்” என்று பொய் சொல்லி மோட்டாரை ஓடவிட்டாள்.

7

அப்போதெல்லாம் கரண்ட் அடிக்கடி போகும். ஒருநாள் நடு வேலையில் போனது. காற்றாடி நின்றது, டீசல் நிற்கவில்லை. உயரத்தில் இருக்கும் டின்னுக்குக் கரண்ட் எதற்கு? அது பாட்டுக்குச் சொட்டிச் சூடான அடுப்புக்குள் தேங்கி ஆவியானது. குப்புராஜ் வால்வை எட்டுவதற்குள் கரண்ட் திரும்பி வந்தது. குபீரென்று ஒரு நாக்கு வெளியே பாய்ந்து அவர் முன்னங்கையைத் தீய்த்துவிட்டுப் போனது.

மோட்டாரை நிறுத்தினார்கள். ஆதிலட்சுமி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். பலராமன் இரண்டடி தள்ளி நின்றார். முகம் வெளுத்திருந்தது. உதடு இரண்டு முறை அசைந்தது.

“ரொம்ப எரியுதான்னு கேளு” என்றார்.

அவளுக்கு அழுகை வந்தது, கோபம் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. “எரியுதான்னு கேக்கறாரு” என்றாள் அண்ணனிடம். அவர் தலையை ஆட்டினார். “இல்லன்னு சொல்லு.”

கட்டு அவிழ்ந்ததும் குப்புராஜ் புது பர்னர் செய்யப்போவதாகச் சொன்னார். கரண்ட் வேண்டாத பர்னர். ஓரமெல்லாம் துளை போட்ட வட்ட இரும்புச் சட்டி. டீசல் அதன் அடியில் சொட்டிச் சட்டியின் சூட்டிலேயே ஆவியாகும். உயரமான புகைபோக்கி இழுக்கிற இழுப்பில் காற்று துளைகள் வழியாகத் தானாக நுழையும். காற்றாடி இல்லை, மோட்டார் இல்லை.

“சத்தம்?” என்று கேட்டாள்.

“துளி சத்தம் இருக்காது.”

“பழசே இருக்கட்டுமே அண்ணா. ஜாக்கிரதையா இருந்துக்கலாம்.”

குப்புராஜ் கையை நீட்டிக் காட்டினார். தோல் இன்னும் சுருங்கியிருந்தது. “அடுத்தது உன் முகமா இருந்தா?”

உண்மையான காரணத்தை அவளால் சொல்ல முடியாது. சொல்லியிருந்தால் அந்த இருவரும் இரைச்சலிலும் பேசுவதை நிறுத்தியிருப்பார்கள்.

(கட்டுரைக்கான கடைசிக் குறிப்பு: இந்த வகை பர்னரில் வால்வைத் திருகியதும் நெருப்பு குறையாது. சட்டியில் ஏற்கெனவே இருக்கும் எண்ணெய் எரிந்து தீர வேண்டும். ஆகவே வேண்டியதைக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.)

8

புது பர்னரை ஒரு காலையில் பற்றவைத்தார்கள். முதலில் சோம்பலாக மஞ்சள் சுடர். சட்டி காயக் காயச் சுடர் எழுந்து துளைகளைச் சுற்றி வளையமாக நின்றது. புகையில்லை, சத்தமில்லை. அண்டாவில் கம்பு உரசுவது கேட்டது. மூன்று பேர் மூச்சு விடுவதும் கேட்டது.

வால்வருகே குப்புராஜ். அண்டாவருகே பலராமன். ஆதிலட்சுமி தன் பழைய இடத்தில், நடுவில்.

அவள் முள்ளிப்பட்டுக்குப் போக வேண்டிய சாயமேறிய பட்டு மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்தாள். வழக்கமாகப் பலராமன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பது.

“முள்ளிப்பட்டுக்குப் போய் இதைக் குடுத்துட்டு வரேன்.”

“இப்பவா?” என்றார் பலராமன்.

“இப்பவா?” என்றார் குப்புராஜ்.

“ஏன், நான் இங்க இருந்து இன்னா பண்ணணும்?”

அவள் கிளம்பிவிட்டாள்.

9

மூன்று முடிவுகள் எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் பலராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மச்சான்” என்கிறார். ஒன்றில் யாரும் பேசவில்லை. குப்புராஜ் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தே வால்வைத் திருப்பக் கற்றுக்கொள்கிறார், அதுவே போதுமென்று இருவரும் வைத்துக்கொள்கிறார்கள். மூன்றாவதில் அண்டா கொதித்துப் பட்டு கெடுகிறது. மூன்றுக்கும் வாய்ப்பு இருக்கிறது. எதையும் நான் பார்க்கவில்லை. தொடக்கத்திலிருந்தே நான் அவளோடுதான் இருந்தேன். அவள் கிளம்பியதும் நானும் கிளம்பிவிட்டேன்.

கொட்டகைக் கதவு திறந்துதான் இருக்கிறது. நீங்கள் வேண்டுமானால் உள்ளே நின்று பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் பொன்னியம்மாள் என்று ஒரு அம்மா. வெற்றிலை மென்றுகொண்டே பேச்சுக் கொடுத்தாள். எந்த ஊர், யார் வீடு, பிறந்த வீடு எது என்று வரிசையாகக் கேட்டாள்.

“சேத்துப்பட்டு” என்றாள் ஆதிலட்சுமி.

“அப்பா இருக்கறாரா?”

“இல்லீங்க. தவறிட்டாரு.”

“அடடா. எப்படிப்பட்ட மனுசன்?”

ஆதிலட்சுமி திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தாள். அப்பா செத்த நாளிலிருந்து அவரைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டதில்லை. அந்தச் சாவைப் பற்றி வீட்டில் பேசியதெல்லாம் யார் வந்தார், யார் வரவில்லை என்பதுதான்.

“எங்கப்பா பயங்கரமா பொய் சொல்வாருங்க” என்று ஆரம்பித்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. “சின்ன வயசுல ஒருதபா, எங்களைத் திருவிழாவுக்குக் கூட்டிகினு போறேன்னு சொல்லிட்டு…”

பொன்னியம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். நானும் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். அவள் சொல்வதைக் கேட்க வேண்டும்.