இரண்டு மைக், ஒரே குரல்

பிடிக்காததைத் திருப்பித் தரலாம் என்று கடையில் சொன்னதால், விலை மலிவான இரண்டு மைக்குகளை எடுத்துவந்தேன். ஒன்று பாட்டுக்கு, மற்றது கிட்டாருக்கு என்று கடைக்காரர் குழப்பிவிட்டிருந்தார். எனக்கு இரண்டுக்கும் ஒன்றுதான் வேண்டும். ஒரே ஒயரில் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிப் பாடி, வாசித்து, லேப்டாப்பில் பதிவு செய்தேன். மண்டை காய்ந்ததுதான் மிச்சம். அக்காவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்.

"ரெண்டாவதுல என் குரல் கொஞ்சம் கனமா இல்லக்கா?"

"எனக்கு ரெண்டுலயும் ஃபேன் சத்தம்தான் கேக்குது" என்றவள், குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். "டேய், மைக் ஒயரோட மறுமுனை கீழ தொங்குது. லேப்டாப்புல சொருகவே இல்லியே!"

இவ்வளவு நேரமும் பதிவு செய்தது லேப்டாப்பிலேயே இருக்கும் குட்டி மைக்.

"இப்ப எதைத் திருப்பிக் குடுக்கப்போற?"

இரண்டு மைக்குகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அப்ப அந்தக் கனம் எங்கிருந்துக்கா வந்துச்சு?"