விடுபட்ட நாற்பத்தொரு வரிகள்

வெள்ளம் வடிந்த பிறகு முகாம்களிலிருந்து வரும் தகவல்களைப் பட்டியலாக்கும் வேலை அவன் தலையில் விழுந்தது. தன்னார்வலர்கள் கைக்கு வந்தபடி தட்டி அனுப்பும் வரிகளிலிருந்து பெயரை மட்டும் பிரித்தெடுக்க கணினியில் ஒரு சின்ன ஃபங்ஷன், அதாவது நிரல் துண்டு, எழுதினான். வரியின் தொடக்கத்திலிருந்து 'வயது' என்ற சொல் வரை வெட்டினால் பெயர். அந்தச் சொல் இல்லாவிட்டால் பெயர் எதையும் எடுக்காமல், பேசாமல் அடுத்த வரிக்குப் போகும். புரோகிராம் நடுவில் நின்று மானத்தை வாங்கக் கூடாதாம். பெரிய கெட்டிக்காரத்தனம்தான்.

அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான், உறவினரைத் தேடி அழைத்த எல்லோருக்கும் உதவி மையத்தில் "பேர் இல்லைங்க" என்று மூன்று நாளாகச் சொன்னார்கள். தன் மனைவிக்கும் அதையேதான் சொன்னான். அவளுடைய தம்பி பாலத்தருகே குடியிருந்தவன். அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

நான்காம் நாள் காலை, வந்த வரிகளையும் ஏறிய பெயர்களையும் எண்ணிப் பார்த்தான். கணக்கு உதைத்தது. சொல் இல்லையென்றால் முழு வரியையும் காட்டு என்று ஃபங்ஷனை மாற்றி ஓட்டினான். நாற்பத்தொரு வரிகள் வந்து நின்றன. ஒரு முகாமில் யாரும் வயதே கேட்கவில்லை.

மனைவியை அழைத்தான். "இன்னும் நாப்பத்தொரு பேர் இருக்காங்க. என் தப்புதான். படிக்கிறேன், கேளு. உன் தம்பி வீட்ல கூப்பிடுற பேரைக் கொடுத்திருந்தாலும் கொடுத்திருப்பான்."

ஒவ்வொரு பெயருக்கும் "அடுத்தது" என்றாள். முப்பதைத் தாண்டியதும் அவள் குரல் இறங்கிவிட்டது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

அவள் வாய்விட்டு அழுதாள். அவனுக்கும் தாங்கவில்லை. "நான் வீட்டுக்கு வர்றேன்."

"வராதீங்க. இவங்களையும் இல்லைன்னுதானே சொல்லியிருப்பீங்க? அவங்க வீட்டுக்கெல்லாம் யாரு சொல்றது?"

விசாரித்தவர்களின் எண்கள் பதிவேட்டில் இருந்தன. முதல் எண்ணை அழைத்தான். ஒரு பெண்மணி எடுத்தார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் பேர் இருக்குங்க. நல்லா இருக்கார். முகாம்ல இருக்கார்."



"இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? நாங்க அழுது முடிச்சிட்டோமே தம்பி."

அவன் மன்னிப்புக் கேட்டான். பிறகு முகாமின் விலாசத்தை நிதானமாக இரண்டு தடவை சொன்னான். இன்னும் நாற்பது வீடுகள் இருந்தன.