அடோரைச் சுட ஆள் வேண்டும்

எல்லாரும் சுகம்தானே? முட்டிவலிக்காரர்கள் தைலம் தேய்த்துக்கொண்டே படியுங்கள். எங்கள் மீன்பிடி ஊரான சான் ரோக்கில் மழை விட்டுவிட்டது, படகுகள் கடலுக்குப் போகின்றன, பேரப்பிள்ளைகளின் சளியும் ஒருவழியாக அடங்கிவிட்டது. ஆகவே உங்களுக்கு காடிங் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன்.

லியோகாடியோ மகாலிந்தால் என்று ஞானஸ்நானப் பெயர். ஊருக்கு காடிங். இளவயதில் சினிமாவில் அடியாள் வேஷம் கட்டியவர். ஒரே ஒரு தடவை அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். அதை வைத்து அவர் சுட்டது யாரை? அடோர் மொன்டேஸை! குண்டு பட்டால் சிரிப்பாரே, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டியிருப்பாரே, அந்தக் கதாநாயகன் அடோரை. அத்தனை படத்திலும் சாகாத மனுஷன் ‘துறைமுகத்துப் புலி’யில் மட்டும் செத்தார். அன்றைக்கு எங்கள் ஜனங்கள் தியேட்டர் நாற்காலிகளை நொறுக்கிப் போட்டார்கள். அதில் ஒன்றின் கால் இன்றும் முடிவெட்டும் கடையில் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

அடோர் அதற்கப்புறமும் வருஷக்கணக்காக வாழ்ந்து, சர்க்கரை வியாதி வந்து, தன் கட்டிலில் நிம்மதியாகக் கண்மூடினார். அது வேறு விஷயம். ஊர் காடிங்கை மன்னிக்கவில்லை. மீன் விற்கும் பெபிட்டா வயிறு வெடித்த மீனாகப் பார்த்து அவர் கூடையில் போடுவாள். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்குக்கூட அவரை ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இங்கே ஒரு பிள்ளைக்கு ஏழெட்டு ஞானத்தகப்பன்மார் நிற்பார்கள். குடிகார டோமெங்குக்கு இருக்கிறது ஞானப்பிள்ளை, ஜெயிலில் இருக்கிறவனுக்கும் இருக்கிறது. காடிங் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், ஞானப்பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வழக்கப்படி, வங்கியில் புதுநோட்டு மாற்றி வைத்துக்கொண்டு வாசலில் உட்காருவார். அவர் கையை எடுத்து நெற்றியில் ஒற்றி ஆசி வாங்க ஒரு குழந்தை வராது.

இப்படியிருக்க, அடோர் ரசிகர் மன்றத் தலைவி மிந்தாவுக்கு ஒரு யோசனை வந்தது. ‘துறைமுகத்துப் புலி’யைத் துண்டு துண்டாக வெட்டி, ரசிகருக்கு ஒரு துண்டு கொடுத்து, அவரவர் வீட்டில் அவரவர் கைபேசியில் எடுத்து அனுப்பச் சொல்லி, எல்லாவற்றையும் ஒட்டி அடோருக்கு அஞ்சலிப் படம்! சிவப்புக் கைக்குட்டையும் மீசையும் இருந்தால் போதும், அதுதான் அடோர். ஒரு துண்டில் அடோர் பல்வைத்தியர், அடுத்ததில் தொந்திவைத்த போலீஸ்காரர், சண்டைக் காட்சியில் ஒரு வெள்ளாடு. காதல் காட்சியில் சோறு பொங்கும் குக்கருக்கு மீசை ஒட்டியிருந்தார்கள். நன்றாகத்தான் நடித்தது.

சாவுக் காட்சியில்தான் சிக்கல். செபு நகரத்திலிருந்து ஒருவர் எடுத்து அனுப்பினார், குண்டு அடோரின் தங்கப்பல்லில் பட்டுத் தெறித்துவிட்டது. துபாயில் வேலைபார்க்கும் நர்ஸ் நெஞ்சை அமுக்கியே பிழைக்கவைத்துவிட்டாள். கப்பல் மாலுமி ஒருவன் அனுப்பியதில், அடோர் விழுந்து, புரண்டு, எழுந்து, காபி கேட்டார். யாருக்குக் கொடுத்தாலும் அடோர் சாகவில்லை.

கடைசியில் மிந்தா காடிங் வீட்டுக்கு வந்தாள்.

“மாமா, நீங்கதான் சுடணும்.”

“போடி! ஒரு தடவ சுட்டதுக்கே இன்னும் அழுகல் மீன் தின்னுக்கிட்டிருக்கேன்.”

“படம் முடிய மாட்டேங்குது மாமா. அவரு செத்தாத்தானே அஞ்சலி?”

“அந்தக் குக்கரச் சுடச் சொல்லு.”

அவர் மனைவி ஓனோர் சமையலறையிலிருந்து கத்தினாள். “சரின்னு சொல்லுங்க! இந்தத் தடவ சுடாம விட்டுட்டா ஊரு வாயடைச்சுப் போயிடும்ல?”

காடிங்குக்குப் பொறி தட்டியது. மறுநாளே ஓனோருக்கு மீசை வரைந்து, கைக்குட்டை கட்டி, படகுத்துறையில் நிறுத்தினார். துப்பாக்கியை நீட்டினார். துப்பாக்கியைத் தண்ணீரில் வீசிவிட்டு, “போயிடு அண்ணே, நல்லா இரு” என்று ஓனோரைக் கட்டிப்பிடித்து அழுதார். நிஜமாகவே அழுதார். மிந்தாவுக்கு வேறு வழியில்லை, அதையே கடைசியில் ஒட்டினாள்.

அடோரின் நினைவு நாளன்று கூடைப்பந்து மைதானத்தில் திரை கட்டினார்கள். ஊரே வந்தது, பாதிரியாரும் வந்தார். ஆட்டுக்குக் கைதட்டல், குக்கருக்கு விசில். அப்புறம் காடிங் துண்டு வந்தது. துப்பாக்கி தண்ணீரில் விழுந்தது. இதோ எழுந்து வந்து கையைப் பிடிக்கப்போகிறார்கள் என்று காடிங் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பெபிட்டா எழுந்தாள். “அடப்பாவி மனுஷா! இவ்வளவு சுலபமாவா இருந்துச்சு? இத அன்னிக்கே பண்ணித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“அதானே! தண்ணி அன்னிக்கும் பக்கத்துலதானே இருந்துச்சு!” என்றார் முடிவெட்டுகிறவர்.

ஒரு செருப்பு பறந்து வந்தது. ஜோடியும் வந்தது.

காடிங் நாற்காலிமேல் ஏறிவிட்டார். “நிறுத்துங்கடா! நானா ஆசப்பட்டுச் சுட்டேன்? நான் மாட்டேன்னுதான் நின்னேன். அந்த மனுஷன்தான் தோள்ல கைபோட்டு, ‘சுடு தம்பி, படத்துக்குப் படம் பொழச்சுப் பொழச்சு எனக்கே அலுத்துப் போச்சு. ஒரு தடவ அழகா விழுந்து காட்டுறேன், நீ பயப்படாதே’ன்னாரு. விழுந்தாரு பாருங்க! அத உங்கள்ல எவனாவது ஒழுங்காப் பாத்தீங்களா? நாற்காலிய ஒடச்சுக்கிட்டிருந்தீங்க!”

வாஸ்தவம்தான். ஒருவரும் பார்த்ததில்லை.

பெபிட்டாதான் மெதுவாகக் கேட்டாள். “எப்படி விழுந்தாரு?”

“இங்க வா. நில்லு.” காடிங் விரலை நீட்டினார். “டும்!”

பெபிட்டா தொப்பென்று விழுந்தாள்.

“மூட்ட மாதிரி விழுறியே! மொதல்ல வலது முட்டி. அப்புறம் கை கைக்குட்டைக்குப் போகணும். சிரிச்சுக்கிட்டே சாயணும். எந்திரி, மறுபடி.”

இரண்டாம் தடவை அவள் சாய்ந்த அழகைப் பார்த்து ஜனங்கள் மூக்கைச் சிந்தினார்கள். உடனே முடிவெட்டுகிறவர் ஓடிவந்தார். “என்னையும் சுடுங்கண்ணே.” அவருக்குப் பின்னால் பெரிய வரிசையே நின்றுவிட்டது. “தள்ளாத, நான்தான் மொதல்ல சாகணும்!” என்று சண்டை வேறு. பாதிரியார் அங்கியைச் சுருட்டிக்கொண்டு, “எனக்கு வலது முட்டி ஆவாது, எடது பரவாயில்லையா?” என்றார். காடிங் டும் டும் என்று சுட்டுக்கொண்டே போக, மைதானம் நெடுகச் சிரித்த முகமாகப் பிணங்கள். மிந்தா அழுதுகொண்டே அத்தனையையும் கைபேசியில் எடுத்தாள். படத்துக்கு முடிவு கிடைத்துவிட்டது.

கடைசியில் விழுந்தவள் ஜோவெலின். கைக்குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பக்குவமாகச் சாய்ந்தாள். கண்ணைத் திறக்காமலே, “மாமா, ஞாயித்துக்கிழமை இவனுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனா நிப்பீங்களா?” என்றாள்.

“செத்தவ பேசக் கூடாது” என்றார் காடிங். சுட்ட விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது. குழந்தை அதை எட்டிப் பிடித்துத் தன் நெற்றிப் பக்கமாக இழுத்தது. பால் நினைப்பில் வாயில் வைக்கத்தான் இழுத்ததென்று ஜோவெலின் பின்னால் சொன்னாள். காடிங்கிடம் அதை யாரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் ஊரிலும் சினிமாவில் செய்த பாவத்துக்கு ஊரில் திட்டு வாங்கிய ஆள் யாராவது இருப்பாரே? அவருக்கு என்ன மீன் கொடுத்தீர்கள் என்று ஒளிக்காமல் எழுதுங்கள். கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.