வேலியைப் பார்த்த கமரா

குசினிக் குழாயைத் திருகியபோது தண்ணீர் வரவில்லை, 'புஸ்' என்று காற்றுத்தான் வந்தது. தண்ணீர்த் தாங்கி காலியாகியிருக்கும், மோட்டரைப் போடுவோம் என்று சிவாஜினி கிணற்றடிக்குப் போனாள். மோட்டர் இருந்த சீமெந்துத் திட்டு வெறுமையாகக் கிடந்தது. குழாயை அரிந்து, வயரை வெட்டி, சுத்தமாகத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் முதலில் கேற்றடிக்கு ஓடியிருப்பார்கள். வெளியே ஒழுங்கைப் பாதையில் ஏதாவது தடம் கிடக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். சிவாஜினி நின்ற நிலையிலேயே திரும்பி, பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்தாள்.

"உது இராசநாயகத்தின்ர வேலைதான்," என்றாள் கணவனிடம்.

"கண்டனீரோ?" என்று கேட்டார் சர்வேஸ்வரன்.

"காண வேணுமோ? வேலியை அரக்கினவனுக்கு மோட்டரைக் கழட்டத் தெரியாதோ?"

கோபத்தின் வேர் மோட்டரில் இல்லை, வேலியில் இருந்தது. போன மாரிக்கு முன் வேலி அடைத்தபோது இராசநாயகம் கதியால் கம்புகளை ஒரு சாண் தள்ளிச் சிவாஜினியின் காணிக்குள் நட்டுவிட்டார் என்பது அவளுடைய வழக்கு. பழைய கதியால் நின்ற குழியில்தான் நட்டேன் என்பது அவருடைய பதில். அதுவரை அந்த வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய அந்த இடைவெளியால் கறியும் சுளகும் போய்வரும். சிவாஜினியின் மகள் சர்மிதா நடை பழகியதே இராசநாயகத்தின் மனைவி சறோஜினிதேவியின் முற்றத்தில்தான். சண்டைக்குப் பிறகு சிவாஜினி ஆள் பிடித்து, பொட்டை ஓலை வைத்து இறுக்கி அடைத்துவிட்டாள்.

மோட்டர் போன பிறகு, சுருவில் என்ற அந்தத் தீவுக் கிராமத்தில் கமராவைப் பற்றி அவளளவுக்குப் படித்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். வேலை செய்யும் கந்தோரில் சாப்பாட்டு நேரத்திலும் அதே ஆராய்ச்சிதான். கடற்காற்றின் உப்புக்கு எது துருப்பிடிக்காது, கரண்ட் போனாலும் எது வேலை செய்யும், எதில் முகம் துல்லியமாக விழும் என்று எல்லாம் விசாரித்தாள். மலிவானதை வாங்கி ஏமாறவில்லை. தரமான பொருளையே தெரிவு செய்தாள்.

அதைப் பூட்டுவதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து சயந்தன் என்பவன் வந்தான். இரண்டு கமரா. இரண்டையும் எங்கே பூட்டுவதென்று சிவாஜினி ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தாள்.

"ஒண்டு அந்த அடைச்ச பொட்டைப் பாக்க வேணும். மற்றது அவையின்ர முத்தத்தைப் பாக்க வேணும்."

"கேற்றடிக்கு ஒண்டும் வேண்டாமோ அக்கா?"

"கள்ளன் கேற்றால வாறேல்லைத் தம்பி. வேலியாலதான் வாறவன்."

சர்வேஸ்வரன் குறுக்கே வந்தார். "உமக்கென்ன விசரே? ஒண்டையெண்டாலும் எங்கட வாசலுக்குப் பூட்டும்."

"நீங்கள் சும்மா இருங்கோப்பா. அவன் எனக்குப் பிடிபட வேணும். ஊர் பாக்கப் பிடிபட வேணும்." அவர் சும்மா இருந்தார். இருபது வருடமாக அப்படித்தான் இருந்து வந்திருக்கிறார்.

அன்றிலிருந்து சிவாஜினிக்குப் போன்தான் உலகம். இராசநாயகம் எத்தனை மணிக்கு எழும்புகிறார், யார் வந்து போகிறார்கள், கொடியில் என்ன காய்கிறது என்று எல்லாம் அவளுடைய உள்ளங்கையில் ஓடியது. சறோஜினிதேவி கிணற்றடியில் குளிப்பதை நிறுத்தி, வீட்டின் பின்னே கோடிப்புறத்தில் ஒரு மறைப்புக் கட்டி வாளியில் தண்ணீர் சுமந்தார். அதைப் பார்க்க சிவாஜினிக்கு உச்சி குளிர்ந்தது. 'சுமக்கட்டும். நான் மோட்டரில்லாமல் எத்தனை நாள் சுமந்தனான்' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

ஒரு நாள் சறோஜினிதேவியே வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கூப்பிட்டார்.

"சிவாஜினி, உந்தக் கமராவை ஒருக்காத் திருப்பி விடுமன். வீட்டுப் பொம்பிளையள் வெளியில வரேலாமல் கிடக்கு."

"கள்ளம் இல்லாதவைக்கு என்ன பயம் அக்கா?"

"உம்மட மோட்டரை நாங்கள் எடுக்கேல்லை. அம்மாளாணை எடுக்கேல்லை."

"அப்ப பேசாமல் இருங்கோ. ஆனா ஒண்டு சொல்லிப்போட்டன். இந்த வேலியில உங்கட வீட்டு ஆக்கள் ஆரும் கை வைச்சால் உடன என்ர போனில விழும். விழுந்த கையோட ஊருக்கெல்லாம் அனுப்புவன். கனடா, பிரான்ஸ் எண்டு ஒரு இடமும் மிச்சம் விடமாட்டன்."

அது வெறும் வாய்ச்சவடால் அல்ல. ஊரிலிருந்து வெளிநாடு போனவர்களும் ஊரில் இருப்பவர்களும் சேர்ந்த வட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. இங்கே ஒரு வீட்டில் தும்மினால் பாரிஸில் சுகம் விசாரிப்பார்கள். சிவாஜினி நினைத்திருந்த பழிவாங்கல் அதற்குள்தான் இருந்தது.

நயினாதீவு அம்மனுக்குத் தேர். ஊரே விடியமுதல், படகு பிடிக்கக் குறிகட்டுவான் துறைக்குப் பஸ் ஏறியது. சர்மிதாவுக்குக் கோயிலுக்குப் போக முடியாத நாள், அதனால் அவள் வீட்டில் நின்றாள். பக்கத்து வீட்டிலும் ஏதோ துடக்குத் தீட்டு, அவர்களும் போகவில்லை. அதை அறிந்தபோது சிவாஜினிக்கு மகளைத் தனியே விடுகிறோமே என்ற யோசனை வரவில்லை. வீட்டில் ஆளில்லை என்று நினைத்து இராசநாயகம் இன்றைக்கு அசைவான் என்ற ஆசைதான் வந்தது.

தேர் பார்த்து, அன்னதானம் சாப்பிட்டு, திரும்பும் படகுக்காக இறங்குதுறையில் வெயிலில் நின்றபோது போன் கிணுகிணுத்தது. சிவாஜினி சேலைத் தலைப்பால் திரையை மறைத்துக்கொண்டு பார்த்தாள். இராசநாயகம்! கையில் கொடுவாக்கத்தி. அடைத்த பொட்டின் ஓலையை வெட்டிப் பிய்த்து, குனிந்து நுழைந்து, வீட்டுப் பக்கமாக ஓடுகிறார். நெற்றி வேர்வைகூடத் தெரிந்தது. அவ்வளவு நல்ல கமரா.

"ஆப்பிட்டான்! இஞ்ச பாருங்கோப்பா, ஆப்பிட்டான்!"

எட்டிப் பார்த்த சர்வேஸ்வரனின் முகம் வெளிறியது. "ஐயோ, பிள்ளை தனியவெல்லோ நிக்குது. முதல்ல அவளுக்குப் போன் எடும்!"

"பொறுங்கோ, பொறுங்கோ."

அவளுடைய விரல்கள் பறந்தன. 'பட்டப்பகலில் கத்தியோடு என் வீட்டுக்குள் புகுந்த கள்ளன் இராசநாயகம். எல்லோரும் பாருங்கள்.' வீடியோவையும் சேர்த்துக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியவளாக ஒரு பெருமூச்சு விட்டாள். அதற்குப் பிறகுதான் மகளுக்கு அழைப்பு எடுத்தாள்.

மணி அடித்து அடித்து நின்றது. திரும்ப அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை. படகில் ஏறிய பிறகும் அழைத்துக்கொண்டே இருந்தாள். குழுவில் பதில்கள் மளமளவென்று விழுந்துகொண்டிருந்தன. 'கையை வெட்டுங்கோ.' 'உவனை ஊரை விட்டுத் துரத்துங்கோ.' தான் இத்தனை நாள் கேட்க விரும்பிய அந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட அவளால் வாசிக்க முடியவில்லை.

குறிகட்டுவானில் கால் வைத்த பிறகுதான் மகளின் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது சறோஜினிதேவி. "பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திட்டம். உயிருக்கு ஒண்டுமில்லை. வாரும்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சர்மிதாவின் வலது கைக்குக் கட்டுப் போட்டிருந்தது. கழுத்தில் நகம் கீறிய காயம். தேருக்கு ஊர் போய்விட்டது என்று நம்பி, ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் மோட்டச்சைக்கிளில் வந்து, கேற்றைத் திறந்து முன்வாசலால் நேரே வந்திருக்கிறார்கள். அவள் கத்தியதும் ஒருவன் கையை முறுக்கி வாயையும் மூக்கையும் பொத்தியிருக்கிறான். இராசநாயகம் கத்தியோடு பாய்ந்து வந்ததைக் கண்டுதான் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

பொலிஸ்காரர் கமராப் பதிவைக் கேட்டார். சிவாஜினி போனை நீட்டினாள். அவர் முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டிப் பார்த்தார்.

"இதில வந்தவங்கள் இல்லையே அம்மா? மோட்டச்சைக்கிள் நம்பர் ஒண்டும் இல்லையோ? காப்பாத்தின மனுசன் மட்டும்தானே நிக்கிறார்?"

வாசலில் இராசநாயகம் நின்றார். அவருடைய போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. சிவாஜினி எழுந்து போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கும்பிட வேண்டாம்," என்றார் அவர். "நான் சொல்லுறதைக் கேளும். பிள்ளை கத்தினது கேட்டு நான் உடனயே வேலியடிக்கு ஓடி வந்திட்டன். ஒழுங்கையால சுத்தி வந்தால் பிந்திப்போகும். ஓலையில கை வைக்கேக்க உம்மட கமரா என்னைப் பாத்துக்கொண்டு நிண்டது. கை வைச்சால் உலகத்துக்கே அனுப்புவன் எண்டு நீர் சொன்னது ஞாபகம் வந்தது. நான் நிண்டிட்டன். பிள்ளையின்ர சத்தம் நிண்ட பிறகுதான் கத்தியை எடுத்து வெட்டினனான். நான் யோசிச்சுக்கொண்டு நிண்ட நேரத்திலதான் அந்தக் கை முறிஞ்சது. என்ர கையில நடை பழகின பிள்ளை."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

"மாட்டன்," என்றார் இராசநாயகம். "என்ர தம்பி பாரிஸிலயிருந்து போன் எடுத்து, 'அண்ணை, நீ இப்பிடியும் இறங்கிட்டியோ' எண்டு கேட்டவன். கூடப்பிறந்தவன் கேட்டவன். மன்னிக்கிறதுக்கு எனக்கு மனம் வரேல்லை."

சிவாஜினி அந்த இடத்திலேயே நின்று, எல்லோரும் கேட்க, அதே குழுவுக்குக் குரல் பதிந்தாள்.

"நான் சிவாஜினி கதைக்கிறன். அந்த வீடியோவில நிக்கிறவர் கள்ளனில்லை. என்ர பிள்ளையைக் காப்பாத்தினவர். வீட்டைக் காக்க வாங்கின கமராவை நான் என்ர வாசலுக்குப் பூட்டேல்லை, என்ர கோபத்துக்குப் பூட்டினனான். என்ர பிள்ளை உயிரோட நிக்குதோ எண்டு கேக்க முதல் நான் இந்த மனுசனைக் கள்ளனாக்கி உங்களுக்கு அனுப்பினனான். கமரா பூட்டுறவை உங்கட வாசலைப் பாக்கப் பூட்டுங்கோ. அடுத்த வீட்டுக்க பாக்கப் பூட்டாதேங்கோ. என்ன நடந்ததெண்டு தெரியாமல் ஒருதற்ற முகத்தையும் ஒருதருக்கும் அனுப்பாதேங்கோ. அயலைப் பகைச்ச வீட்டுக்கு எந்தக் கமராவும் காவலில்லை."

அவள் அனுப்பி முடிக்கும்வரை இராசநாயகம் நின்று கேட்டார். பிறகு மனைவியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டவர், திரும்பாமலே சொன்னார்:

"கள்ளன் எண்டதை அவ்வளவு பேரும் அடுத்தவனுக்கு அனுப்பினவை. இப்ப நீர் சொன்னதை எத்தினை பேர் அனுப்புவினம் எண்டு இருந்து பாரும்."