கோபிகாவின் தலை

உடப்பில் சித்திரை பிறந்த மூன்றாம் நாள் சைக்கிள் ஓட்டம் நடக்கும். காளி கோயில் வாசலில் புறப்பட்டு, மெயின் றோட்டுச் சந்தியைத் தொட்டுத் திரும்பி, மறுபடியும் ஒருமுறை போய் வரவேண்டும். முந்தின வருசம் வென்றவருக்கு, புறப்படும் முன் பூசாரி தலையில் சிவப்புப் பரிவட்டம் கட்டுவார். அது கோயில் மரியாதை, லேசுப்பட்ட காரியமில்லை. பரிவட்டக்காரர்தான் முன்னால் போவார், ஊர் எல்லைப் பாலம் தாண்டும் வரை ஒருத்தரும் அவரை முந்தக் கூடாது. கட்டின துணியை ஓட்டம் முடிந்து வாசலுக்கு வரும் வரைக்கும் அவிழ்க்கவும் கூடாது.

பரிவட்டம் கட்டினவன் விழமாட்டான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. முப்பத்தொரு வருசத்தில் ஒருவரும் விழவில்லை என்று ஓட்டத்தை நடத்தும் விளையாட்டுக் கழகத்துக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அவர்கள் கணக்கில் எடுத்தது வருசத்தில் அந்த ஒரு மணித்தியாலத்தை மட்டும். மிச்ச நாளில் யார் எங்கே விழுந்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

கோபிகா விழுந்தது போன வருசம், ஓட்டத்துக்கு அடுத்த நாள்.

முப்பத்து மூன்று வயது அவளுக்கு. பதினொரு வருசமாக ஊருக்குத் தபால் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அந்தச் சிவப்புச் சைக்கிளில் அவள் போகாத தெருவோ ஒழுங்கையோ கிடையாது. இரண்டு கையையும் விட்டுவிட்டு, ஓடுகிற சைக்கிளிலேயே கடிதக் கட்டைப் பிரித்து முகவரி பார்ப்பாள். அப்படிப்பட்டவள் போன வருசம் பெண்கள் ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள். ஓட்டத்தில் சங்கிலி இரண்டு தடவை வழுக்கியதால் மறுநாள் காலை ஓட்டச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலாவியில் ஸப்வானின் சைக்கிள் கடைக்குப் போனாள். கடை வாசலில், நிறுத்துவதற்காக வேகத்தைக் குறைத்து, ஆள் நடக்கிற வேகத்தில் வந்துகொண்டிருந்தாள். உப்பு மூடை லொறி ஒன்று சிந்திவிட்டுப் போன உப்பு றோட்டோரத்தில் கிடந்தது. முன்சில்லு அதில் ஏறி வழுக்கியது. லொறியும் மோதவில்லை, நாயும் குறுக்கே பாயவில்லை. தலை மட்டும் கொங்கிறீற்று விளிம்பில் அடிபட்டது.

இதெல்லாம் ஸப்வான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் அவள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாளாம், ஓட்டம் எப்போது என்று. நேற்று முடிந்தது டீச்சர், நீங்கதான் வின் பண்ணினது என்று அவன் சொல்லியிருக்கிறான். அவனுக்குப் படித்த பெண்கள் எல்லாரும் டீச்சர்தான். ஓம் என்று தலையாட்டிவிட்டு, இரண்டு நிமிசத்தில் மறுபடியும் கேட்டாளாம், ஓட்டம் எப்போது என்று.

மூன்று நாளில் எழுந்து நடந்துவிட்டாள். பேச்சும் கணக்கும் முகவரிகளும் எல்லாம் பழையபடி வந்துவிட்டன. அந்த இரண்டு நாள் மட்டும் வரவேயில்லை. புத்தாண்டுக்கு மறுநாள் இரவு படுத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆசுபத்திரிக் கட்டில். நடுவில் இருந்த அவளுடைய ஒரே வெற்றி அவளிடம் இல்லை. ஊரே பார்த்த ஓட்டத்தை அவள் ஒருத்திதான் பார்க்கவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை அழுகையாய் வரும்.

வெளியே சொல்லவும் வழியில்லை. பெண்கள் ஓட்டம் தொடங்கி அப்போது மூன்று வருசம்தான். அதைத் தொடங்க வைத்தவள் கமலாம்பாள். கருவாட்டு வியாபாரி, மாதர் சங்கத் தலைவி, வாயைத் திறந்தால் கடற்கரை முழுக்கக் கேட்கும். பெண்களுக்கு ஓட்டம் வை என்று ஒரு வருசம் சண்டை, வைத்த ஓட்டத்துக்குப் பரிவட்டம் கொடு என்று மூன்று வருசம் சண்டை. பெண்ணின் தலையில் பரிவட்டமா என்று கழகத்து ஆண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார்கள். வென்றவள் அடுத்த நாளே மண்டை உடைந்து கிடந்தாள் என்று தெரிந்தால் அவர்களுக்கு அதுவே போதும், பரிவட்டம் என்ன, ஓட்டத்தையே மூட்டை கட்டிவிடுவார்கள். ஆகவே காய்ச்சல் என்று ஊருக்குச் சொன்னார்கள். உண்மை தெரிந்தவர்கள் கோபிகாவும், அவள் புருசன் அருள்குமரனும், பாலாவியில் இருக்கும் ஸப்வானும்தான்.

கமலாம்பாளுக்கோ அந்த வெற்றி சொந்த வெற்றி மாதிரி. அவளுடைய மகள் தயானி இரண்டாவதாக வந்தும்கூட, கோபிகாவைக் காணும் இடமெல்லாம் அதையே கதைப்பாள். பாலத்தடியில் நீ எப்படி வெட்டித் திருப்பினாய், கடைசி வளைவில் தயானியை எப்படி விழுங்கினாய் என்று கையைக் காலை ஆட்டிச் சொல்வாள். கோபிகா சிரித்துக்கொண்டு கேட்டு நிற்பாள். வேறு யாருடைய கதையையோ கேட்கிற மாதிரி இருக்கும்.

மாசியில் கழகம் இறங்கி வந்தது. இந்த வருசம் பெண்ணுக்கும் பரிவட்டம் என்று அறிவித்தார்கள். கமலாம்பாள் அன்று தெரு முழுக்கப் பாற்சோறு கொடுத்தாள்.

இங்கேதான் வில்லங்கம். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் கோபிகாவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். இரண்டாவது அடி முதல் அடி மாதிரி இருக்காது, இனிமேல் ஹெல்மெட் இல்லாமல் சைக்கிளில் ஏறவேண்டாம் என்று. ஸப்வானும் தன் கடையில் தூசி பிடித்துத் தொங்கிய ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்திருந்தான். அதை அவள் துணிப்பையில் ஒளித்து வைத்து, ஊர் எல்லை தாண்டி இறால் பண்ணை வேலியடிக்கு வந்ததும் எடுத்துப் போட்டுக்கொள்வாள். திரும்பி வரும்போது அதே இடத்தில் கழட்டுவாள். ஏதோ திருட்டுச் சாமான் கடத்துகிறவள் போல ஒரு வருசம் இப்படியே ஓடியது. ஊருக்குள் மெதுவாகத்தானே போகிறோம் என்று மனதைச் சமாதானப்படுத்துவாள். பாலாவியிலும் மெதுவாகத்தான் போனாய் என்று மனமே திருப்பிச் சொல்லும்.

பரிவட்டம் வெறுந்தலையில்தான் கட்டுவது. ஹெல்மெட் போட்டால் பரிவட்டம் இல்லை, பரிவட்டம் கட்டினால் ஹெல்மெட் இல்லை. ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாளைக்குத்தானே, வெறும் ஒரு மணித்தியாலம்தானே என்று ஒருநாள் நினைப்பாள். மறுநாள் அந்த ஆசுபத்திரிக் கட்டில் ஞாபகம் வரும். கடைசியில் அருள்குமரனிடம் கேட்டாள். அவன் கரைவலை இழுக்கிற ஆள், அதிகம் பேசமாட்டான்.

"ரெண்டு நாள் போனதுக்கே நீ இப்பிடி அழுவுற," என்றான். "இன்னொருக்கா விழுந்து என்னையும் மறந்துட்டா நான் ஆருகிட்டப் போய் அழ?"

அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். ஓடுவது, ஹெல்மெட்டோடு ஓடுவது. யார் என்ன சொன்னாலும் சரி.

மறைத்து வைத்து வாசலில் போய்த் திகைக்க வைக்கக் கூடாது என்று கமலாம்பாளிடம் முதலே போய்ச் சொன்னாள். விழுந்த கதையைச் சொல்லவில்லை, ஹெல்மெட் போடப்போகிறேன் என்று மட்டும். கமலாம்பாள் காயப்போட்ட கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தாள். சைக்கிள் பழகுகிற குஞ்சுகுருமன் பிள்ளைகள் போடுகிற சாமானை, கையை விட்டு ஓடுகிற நீ போடுவதா என்று கேட்டாள். கோபிகா அசையவில்லை என்று கண்டதும் கோபம் வந்துவிட்டது. நாலு வருசம் அந்தக் கமிட்டிக் கதிரைகளுக்கு முன்னால் தான் நின்றது எதற்கு என்று கேட்டாள். பொம்பிளைக்கு மரியாதையைக் கொடுத்தோம், அவளே வேண்டாம் என்றுவிட்டாள் என்று நாளைக்கு ஊர் சொல்லும், அதற்கு உனக்கு என்ன பதில் என்று கேட்டாள். விழுந்த கதையை அப்போதே சொல்லியிருக்கலாம். கோபிகா சொல்லாமல் சைக்கிளைத் திருப்பினாள். அதற்குப் பிறகு கமலாம்பாள் அவளோடு கதைக்கவில்லை. தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ஓட்டத்தன்று கோயில் வாசலில் பதினொரு பெண்கள் வரிசையில் நின்றார்கள். கோபிகா வீட்டிலிருந்தே ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். வழியில் மதகில் இருந்த பெடியன்கள் சைக்கிள் பறக்கப் போகுதா என்று கேட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பூசாரி இராசையா பரிவட்டத் தட்டோடு வந்து அவள் முன்னால் நின்றார். கற்பூர மணம்.

"அதைக் கழட்டு புள்ள," என்றார். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஹெல்மெட்டுக்கு மேலே கட்டுங்கள் என்று அவள் கேட்டாள். துணி தலையில் படவேண்டும் என்றார். சரி, கையில் கட்டுங்கள் என்றாள். அவர் தலையை ஆட்டினார். கழகத் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று அன்றைக்கே சொன்னேனே என்று பக்கத்தில் நின்றவரிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு, இவளுக்கு வேண்டாம் என்றால் இரண்டாவதாக வந்தவளுக்குக் கட்டுங்கள், நேரம் போகிறது என்றார். பூசாரி தயானியின் பக்கம் திரும்பினார். பத்தொன்பது வயதுப் பிள்ளை. தயங்கித் தயங்கித் தலையைக் குனிந்தாள்.

குனிந்த அந்தத் தலையைப் பார்த்ததும் கோபிகா வரிசையை விட்டு முன்னால் வந்தாள். தன் வாயை மூடி வைத்ததற்கு இன்னொருத்தியின் தலையா என்று இருந்தது.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க," என்றாள். "போன வருசம் எனக்கு வந்தது காய்ச்சல் இல்ல. ஓட்டத்துக்கு அடுத்த நாள் பாலாவியில விழுந்து தலையில அடிபட்டது. மெதுவா வந்துதான் விழுந்தன். அந்த ஓட்டத்துல நான் வென்டன் என்டு நீங்க எல்லாரும் சொல்றீங்க. எனக்குத் தெரியாது. அந்த நாள் என்ட தலையில இல்ல. நான் இந்த வாசலுக்கு வந்ததும் ஞாபகம் இல்ல, நீங்க மாலை போட்டதும் ஞாபகம் இல்ல. மறுபடி மறுபடி தேடிப் பாத்துட்டன். வராது."

கோபிகா கமலாம்பாளைத்தான் பார்த்தாள். வருசம் முழுக்கத் தான் கையை ஆட்டிச் சொன்ன கதையை இவள் எப்படிச் சிரித்துக்கொண்டு கேட்டு நின்றாள் என்பது அப்போதுதான் கமலாம்பாளுக்கு விளங்கியிருக்க வேண்டும். அவளுடைய முகம் கறுத்துச் சிறுத்துப் போனது.

கமலாம்பாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மகளின் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"துணியைத் தட்டுலயே வைங்க ஐயா," என்றாள். "அம்மன் கோவிக்க மாட்டா. கோவிச்சா என்னோட கோவிக்கட்டும்."

அதோடு விட்டாளா என்றால் இல்லை. வேலியோரம் நின்ற மோட்டர் சைக்கிளில் தொங்கிய ஹெல்மெட்டை, யாருடையது என்றுகூடக் கேட்காமல், எடுத்து வந்து தயானியின் தலையில் மாட்டினாள். அது கண் வரைக்கும் இறங்கியது. கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. தயானிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தாய்க்குப் பயந்து கழட்டவில்லை.

பரிவட்டம் இல்லாதவர்கள் எல்லாரும் ஒரே வரிசை. முன்னால் போகிற மரியாதை அந்த வருசம் ஒருவருக்கும் இல்லை. விசில் ஊதியதும் கோபிகா மிதித்தாள்.

நாலாவதாகத்தான் வந்தாள். பக்கத்து ஊர் ஆண்டிமுனைப் பிள்ளை ஒருத்தி வெறுந்தலையோடு பறந்து முதலாவதாக வந்தாள். அடுத்த வருசப் பரிவட்டம் அவளுக்கு. அவள் ஒரு தொந்தரவும் தரமாட்டாள் என்று தலைவருக்குப் பெரிய நிம்மதி. தயானி ஒன்பதாவது. கழுத்து நோகிறது என்று அழுதுகொண்டு ஹெல்மெட்டை எறிந்தாள். தோற்றது கோபிகாவுக்கும் வலித்தது. நாலாவது நாலாவதுதான், அதைப் பூசி மெழுக அவளுக்குத் தெரியாது.

கோயில் கிணற்றடியில் போய் இருந்து ஹெல்மெட்டைக் கழட்டினாள். தலைமயிர் வியர்வையில் தோய்ந்து ஒட்டியிருந்தது. கமலாம்பாள் ஒரு செம்பில் மோர் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் கிணற்றுக்கட்டில் இருந்தாள். மோர் முடிந்ததும் கமலாம்பாள் செம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"போன வருசத்துக் கதையை நான் உனக்கு நூறு தரம் சொல்லியிருப்பன்," என்றாள். "இந்த வருசத்தை நீ சொல்லு. நான் கேக்குறன்."

கோபிகா விசிலில் தொடங்கினாள். புறப்படும்போது இடது பக்கத்துப் பிள்ளையின் முழங்கை தன்மேல் பட்டது. பாலத்தில் எதிர்க்காற்று அறைந்தது. இறால் பண்ணை வேலியடியில் இரண்டு பேரை முந்தினாள். சந்தியில் திரும்பும்போது ஒரு பஸ்காரன் ஹோர்ன் அடித்துக் கையைக் காட்டினான். இரண்டாம் சுற்றில் தொடை பிடித்துக்கொண்டது, ஆண்டிமுனைப் பிள்ளையின் முதுகு தூரத் தூரப் போனது. கடைசி வளைவில் ஒரு ஆட்டுக்குட்டி றோட்டோரம் நின்று பார்த்தது. வெள்ளையில் கறுப்புப் புள்ளி, இடது காது மட்டும் முழுக்கக் கறுப்பு. அவள் ஒன்றையும் விடவில்லை. கமலாம்பாளும் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.