ராயப்பன் கிசுகிசுத்த பாவம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் காதைப் பிளக்கும் பவர் பிரஸ் இயந்திரம் ஓட்டியதில் ராயப்பனுக்குக் காது மந்தமாகிவிட்டது. அவர் காதோடு காதாகச் சொல்வது மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். அது அவருக்கு மட்டும் தெரியாது.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மேனாம்பேட்டுக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. மூன்று வருஷமாகக் கோயில் பக்கமே தலைகாட்டாத ராயப்பன், மனைவி ஞானகுமாரியின் நச்சரிப்பு தாங்காமல் வந்து, சாமியார் உட்கார்ந்திருந்த மரத்தடுப்பின் முன் முழந்தாளிட்டார்.

“சாமி, மூணு வருசம் முந்தி பெரிய வெள்ளிக்கெயமை மைக்கு ஒயரைப் புடுங்குனது நான்தான்!” என்று கிசுகிசுத்தார்.

கோயில் முழுக்கக் கேட்டது.

“மெதுவாப் பேசுங்க,” என்றார் சாமியார்.

“மெதுவாத்தான் சாமி சொல்றேன். வருசா வருசம் ஏசு பட்ட பாடுகளோட பாட்டு நான்தான் பாடுவேன். அந்தத் தபா ஆன்டோவுக்குக் குட்த்துட்டாங்க. வயித்தெரிச்சல். அவன் வாயத் தொறந்ததும் புடுங்கிட்டேன்.”

வரிசையில் நான்காவதாக நின்றிருந்தார் ஆன்டோ. எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. ஞானகுமாரி முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

சிரிப்பை அடக்கியதில் சாமியாருக்கு இருமல் வந்தது. “மனசார வருந்துறீங்களா?”

“அவன் மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் சாமி கோயிலுக்கே வரல.” ராயப்பனின் குரல் உடைந்தது.

சாமியாரின் இருமல் நின்றது. “ஆண்டவர் மூணு வருஷமா உங்களுக்காக வாசல்லயே நிக்கிறார். நீங்கதான் இந்தப் பக்கமே வரல,” என்று சொல்லி, பாவமன்னிப்பு கொடுத்தார்.

ராயப்பன் எழுந்து திரும்பினால், எதிரே ஆன்டோ.

“கேட்டுச்சா?” என்றார் ராயப்பன்.

“வெள்ளானூர் வரிக்கும் கேட்டுது, மாமே.”

ஆன்டோ கையை ஓங்குவதுபோல் இருந்தது. ராயப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கை அவரைச் சேர்த்து அணைத்தது.

“அப்ப மைக்க நிறுத்துனது ஆண்டவர் இல்லியா? நீதானா? என் தலக்கனத்துக்கு அவர்தான் வாயக் கட்டிட்டார்னு நெனச்சிகினு, குளிக்கறப்போ கூட நான் பாடல!” ஆன்டோவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “வா ஊட்டுக்கு. சாப்ட்டுதான் போவணும்.”

வீட்டில் ஆன்டோவின் மனைவி ஹெலினா விஷயத்தைக் கேட்டதும் கரண்டியோடு வந்து நின்றாள். ராயப்பன் எழுந்திருக்கப் பார்த்தார்.

“குந்துண்ணே. மூணு வருசமா எம்புருசன் ஊமையாக் கெடந்தாரு. உன்ன சும்மா உட்ருவேனா?”

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை திட்டினாள். திட்டிக்கொண்டே, சட்டியில் இருந்த பெரிய மீன் துண்டை அவர் தட்டில் வைத்தாள்.