அணைக்குள் ஒரு கடலைக்காடு

செல்லியம்மாள் ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினாள். வேரில் பதினாலு காய் இருந்தது. ஒன்றைக் கடித்துப் பிளந்தாள். பருப்பு இல்லை, வெள்ளைத் தோலும் சொட்டுப் பாலும்தான். அடுத்ததும் அப்படியே. எண்பது நாள் கடலை வேறெப்படி இருக்கும்? இன்னும் மூன்று வாரம் நின்றால் இதே காய் மூட்டையாகும். அந்த மூன்று வாரத்தை யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மேட்டூர் அணையில் தண்ணீர் வடிந்தால் பண்ணவாடிப் பக்கம் மைல் கணக்கில் தரை தெரியும். நல்ல வண்டல், உரமே கேட்காது. கரையோரத்து ஜனங்கள் ஆளுக்கொரு துண்டு உழுது போடுவார்கள். பட்டா கிடையாது, அணையின் நிலம். தண்ணீர் ஏறினால் வாயை மூடிக்கொண்டு மேலே ஏறிவிட வேண்டியதுதான். மற்றவர்கள் பங்குனியிலேயே விதைத்து, ஆனியில் காயை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உழுவதற்கு நான் வருகிறேன், வருகிறேன் என்று அவள் புருஷன் கந்தப்பன் இருபது நாள் இழுத்தடித்தான். கடைசியில் வரவேயில்லை. ஆள் பிடித்து உழுது, முக்கால் ஏக்கரையும் அவளே விதைத்தாள்.

கந்தப்பன் பதினோரு வருஷமாகக் குடகில் காப்பித் தோட்டத்தில் கூலி. பொங்கலுக்கு நாலு நாள் வருவான், அவ்வளவுதான். இந்தக் கடலை கை சேர்ந்தால் ஒரு கறவை மாடு வாங்கிக்கொண்டு அவன் இங்கேயே இருந்துவிடுவது என்று பேச்சு. ஒத்தை ஆளுக்குச் சோறு பொங்கிப் பொங்கி அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது.

கோடை முழுக்க டீக்கடை டிவியில் ஒரே பேச்சு. மாசாமாசம் தர வேண்டிய தண்ணீரை மேலே இருக்கிறவர்கள் தரவில்லை, கோர்ட்டுக்குப் போகிறோம், ஆணையத்துக்குப் போகிறோம் என்று. ரேஷன் வரிசையில் எல்லோரும் திட்டினார்கள். செல்லியம்மாளும் கூடச் சேர்ந்து தலையாட்டினாள். ஆனால் மனசுக்குள், ஆடி முடியும்வரை அவர்கள் பிடித்து வைத்திருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டாள். ஊரே தண்ணீர் கேட்கும்போது இப்படி நினைக்கிற பாவி தான் ஒருத்திதான் என்று பயமாகவும் இருந்தது.

முந்தாநாள் கந்தப்பன் போன் பண்ணினான். அங்கே பத்து நாளாக அடைமழை, வேலை இல்லை, கூலியும் இல்லை, தோட்டத்து லைன் வீட்டில் முடங்கிக் கிடக்கிறார்களாம்.

“இங்க கீழ இருக்கற டேம் ரொம்பி தொறந்துட்டாங்களாம் புள்ள. நாளன்னைக்கு உனக்கு வந்துரும்.”

“ஏனுங்க, நீங்க கெளம்பி வந்துருங்க. ஒத்தையா எத்தனைதான் புடுங்கறது.”

மலை சரிந்து பஸ் நின்றுவிட்டது என்றான்.

“இங்க இருந்து வர்ற தண்ணிய நானா புடிச்சு வெக்க முடியும்?” என்று சிரிக்கப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று விடிந்ததும் தண்ணீர் ஓரத்தில் அவள் ஒரு குச்சி நட்டாள். கஞ்சி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது குச்சி முழங்கால் ஆழத்தில் நின்றது. பொக்குக் காயானாலும் கொடி ஆட்டுக்காவது ஆகும் என்று பிடுங்கத் தொடங்கினாள். நாலு பாத்தி முடிப்பதற்குள் கீழ்ப்பாத்திகள் தண்ணீருக்குள் போய்விட்டன.

பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. அணைக்குக் கீழே இருக்கிற பரமத்தி வேலூர் வாய்க்கால் பாசனக்காரர்கள், தண்ணீரை வரவேற்க வந்திருந்தார்கள். முன்னால் வந்தவர் தீனதயாளன். கூடவே அவர் மகள் தனப்பிரியா, கையில் செல்போனோடு படம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“இது உங்க காடுங்களாம்மா?” என்று கேட்டார் தீனதயாளன்.

செல்லியம்மாள் செல்போனைப் பார்த்தாள். என் காடு என்று சொன்ன பேச்சு படத்தில் ஏறிவிட்டால், அணை அதிகாரிகள் அடுத்த வருஷம் உழ விடமாட்டார்கள்.

“இல்லீங்க. சும்மா ஆட்டுக்குத் தழை புடுங்கறனுங்க.”

அவர் நம்பினார். போன வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வராமல் தன் வாழை தாரோடு மடிந்து விழுந்ததைச் சொன்னார். அவளுக்கும் பாவமாக இருந்தது. நல்ல மனுஷர்தான். அவரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது?

தாம்பாளத்தில் சாமந்தியும் மஞ்சளும் இருந்தன. வந்தவர்கள் எல்லாம் ஆண்கள், மகள் படம் எடுக்க வேண்டும், பொம்பளை கையால் தூவினால்தான் நல்லது என்று தீனதயாளன் தாம்பாளத்தை அவளிடம் நீட்டினார். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. கை மண்ணைக் கழுவிக்கொண்டு வாங்கினாள்.

சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். காலடியில் பாத்தி மேடுகள் தட்டுப்பட்டன. இன்னும் முழுகாத கடலை நுனிகள் தண்ணீருக்கு மேலே விரலளவு தெரிந்தன.

“கொஞ்சம் சிரிச்சாப்பல தூவுங்கக்கா. மூஞ்சி வாட்டமாத் தெரியுது” என்றாள் தனப்பிரியா கரையிலிருந்து.

செல்லியம்மாள் செல்போனைப் பார்த்துச் சிரித்தாள். கை நிறையப் பூ அள்ளி வீசினாள். கரையில் கை தட்டினார்கள். சில பூக்கள் செடி நுனிகளில் சிக்கி நின்றன. தண்ணீர் இன்னொரு விரல் ஏறியதும் அவை விடுபட்டு, பாத்தி பாத்தியாக அவள் காட்டின்மேல் மிதந்து போயின.